தூதரக அதிகாரி எழுதிய கணவன்

அவர் முதல் தடவை எங்கள் கடைக்கு வந்தபோது மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மற்றவர்கள்தான் வாய்க்குள் பேசுகிறார்கள்" என்று ஜெர்மனில் சொன்னார். காதுக் கருவி வாங்க வருகிற முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அவருடைய ஜெர்மனில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் அழுத்தம் விழுந்தது. அதைக் கேட்டதும் நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னை ஒருமுறை முழுதாகப் பார்த்தார்.

சிறு வயதிலேயே பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸின் புறநகர் ஒன்றுக்கு வந்து, அங்கேயே படித்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ஹனோவருக்கு வந்த பிறகு என் பிரெஞ்சுப் படிப்பை இங்கே யாரும் படிப்பாகக் கணக்கெடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து காதுக் கருவி பொருத்தும் வேலைக்கு வந்தேன். பிரெஞ்சில் பேச ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால் அந்த முதியவரின் டெர்மின், அதாவது அவருக்குக் குறித்த நேரம், எப்போதும் கொஞ்சம் நீண்டுபோகும். என் முதலாளி அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்.

அவருடைய வாழ்க்கை அப்படித்தான் எனக்குத் துண்டு துண்டாகத் தெரிய வந்தது. பிரான்சின் அத்திலாந்திக் கரையில் ஒரு சின்ன ஊரில் தபால்காரர் மகனாகப் பிறந்திருக்கிறார். பரீட்சைகள் எழுதி வெளிவிவகாரச் சேவையில் சேர்ந்திருக்கிறார். ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகள், பிறகு தெற்காசியா, பிறகு கிழக்கு ஐரோப்பா, கடைசியில் யாரும் போக விரும்பாத ஒரு சிறிய நாட்டில் தூதுவர். எந்த நாட்டில் இருந்தாலும் விடியற்காலையில் எழுந்து சமையலறை மேசையில் நாவல் எழுதிவிட்டு அலுவலகம் போவாராம். உடன் வேலை செய்தவர்கள் "நம் எழுத்தாளர் வந்துவிட்டார்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். மூன்றாவது நாவலுக்கு ஒரு பெரிய பரிசு கிடைத்த பிறகு அமைச்சரே விருந்துக்கு அழைத்தார், சிரித்தவர்கள் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். மனைவி ஹனோவர்க்காரி, இசை ஆசிரியை. ஓய்வுபெற்றதும் மனைவியின் ஊரிலேயே வீடு எடுத்தார்கள். பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்த பிறகும் முதியவர் இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

"உங்கள் சொந்த ஊர் எது?" என்று ஒருநாள் கேட்டார். நான் அவர் காதில் அச்சுப் பசையை ஊற்றிக்கொண்டிருந்தேன், அது இறுகும்வரை அசையக் கூடாது. யாழ்ப்பாணம் என்றேன். மற்றக் காது திறந்திருந்தபடியால் அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் பதில் வரவில்லை. அச்சை எடுத்ததும் எழுந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு, வழக்கமாகக் கைகொடுத்து விடைபெறுகிறவர் அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த டெர்மினுக்கு ஒரு புத்தகத்தோடு வந்தார். அந்தப் பரிசு பெற்ற நாவல்.

"இதை வாசியுங்கள். வாசித்த பிறகு என்னோடு பேச விருப்பமில்லை என்றால் வேறொருவரிடம் என்னை மாற்றிவிடுங்கள். நான் ஏன் என்று கேட்க மாட்டேன்" என்றார்.

நான் அதை வேலைக்குப் போகும் டிராமிலும், மகளின் நீச்சல் வகுப்புக்கு வெளியே காத்திருந்த நேரங்களிலும் வாசித்தேன். கதை எளிமையானது. எங்கள் தீவில் சண்டை நடக்கும் காலம். பக்கத்து நாட்டு நகரம் ஒன்றிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்கு மன்னாரிலிருந்து ஓர் இளம்பெண் சிறு குழந்தையோடு வருகிறாள். பாரிஸில் இருக்கும் கணவனிடம் போக அவளுக்கு விசா வேண்டும். கல்யாணப் பதிவு இருந்த மாதா கோயில் எரிந்துபோனது. வேறு அத்தாட்சி இல்லை. அதனால் அவள் தன் கூறைச் சேலையைக் கொண்டுவந்து கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் விரித்துக் காட்டுகிறாள். விசா அதிகாரி அதைத் துணி என்கிறான். அது பொய்க் கல்யாணம் என்று சந்தேகித்து மறுத்துவிடுகிறான். அவள் படகில் ஏறுகிறாள், கடலில் மூழ்கிப்போகிறாள். கடைசி அத்தியாயத்தில் அதிகாரி பாரிஸில் அந்தக் கணவனைத் தேடிப் போகிறான். கணவன் அங்கே வேறொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறான், மனைவியின் தொலைபேசி அழைப்புகளை எடுக்காமல் விட்டிருக்கிறான்.

நான் டிராமில் அழுதேன். எதிரே இருந்த பெண் எனக்குக் கைக்குட்டைத் தாள் தந்தாள். எங்கள் சனத்தின் துயரத்தை ஒரு வெள்ளைக்காரர் இப்படி எழுதியிருக்கிறாரே என்று நெஞ்சு நிறைந்தது. கணவன் வருகிற அத்தியாயத்தில், ஓம், அப்படியும் ஆண்கள் இருந்தார்கள்தானே என்று எனக்குள் தலையாட்டிக்கொண்டேன்.

அடுத்த தடவை அவரை வேறு யாரிடமும் மாற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "இது நடந்ததா?" என்று கேட்டேன்.

"அந்த அதிகாரி நான்தான்" என்றார். எந்த நகரம் என்றும் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. "அந்தப் பெண் மூன்று தடவை வந்தார். என் மேலதிகாரி அந்த விண்ணப்பத்தை என்னிடமே விட்டிருந்தார். கொடுத்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கொடுக்கவில்லை. அந்தக் கிழமை நிறையப் பேருக்கு மறுத்திருந்தேன், கை பழகிவிட்டது. பிறகு, அந்த நாட்டுக் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு படகு மூழ்கியதாகச் செய்தி வந்தது. தாயும் சிறுபிள்ளையும் இருந்தார்களாம். அது அவர்கள்தான் என்று முடிவுகட்டிக்கொண்டேன்."

"விசாரித்துப் பார்க்கவில்லையா?"

"இல்லை. நாவல் எழுதத் தொடங்கினேன்." சட்டைப் பொத்தானைத் திருகியபடி சொன்னார். "பகலில் மனிதர்களுக்கு இல்லை என்று எழுதினேன். விடியற்காலையில் அவர்களைப் பற்றி அழகாக எழுதினேன். பரிசு வாங்கப் போன அன்று மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். என் மனைவிக்கு மட்டும் அது தெரியும்."

அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இரக்கம்தான் வந்தது. அந்த இரக்கத்தோடு அவருடைய காதுக் கருவியில் பெண்குரல்களின் அளவைச் சரிசெய்தேன். வயதானவர்களுக்குப் பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும்தான் முதலில் மங்கும்.

அந்த வருடம் என் கணவரின் அக்கா வீட்டில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விழா நடந்தது. என் மாமியார் வீட்டார் கத்தோலிக்கர். அந்த மச்சாள் கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரில் இருக்கிறார். சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில் நான் பேச்சோடு பேச்சாக இந்த நாவலின் கதையைச் சொன்னேன். கூறைச் சேலையைக் கண்ணாடிக்கு முன்னால் விரித்த இடம் வந்ததும் மச்சாள் தண்ணீரை நிறுத்தினார்.

"இது எங்கட கூறை அக்காவின்ர கதையெல்லோ" என்றார்.

"எந்த அக்கா?"

"அடுத்த தெருவில இருக்கிறா. மன்னார் ஆள். எந்தக் கொண்டாட்டத்திலயும் அவவைச் சுத்தி இருந்து இதைச் சொல்லச் சொல்லிக் கேப்பினம். வெள்ளைக்காரன் கூறையைப் பாத்து இது துணி எண்டு சொன்னவனாம், அவ ஓம் உன்ர கழுத்துப் பட்டியும் துணிதான் எண்டவவாம். நாங்கள் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோவம்."

"அவ உயிரோட இருக்கிறாவோ?" என்று கேட்டேன். மச்சாள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நேற்று இந்த வீட்டுக்கு வடை சுட்டது ஆரெண்டு நினைச்சனீர்?"

மறுநாள் காலை மச்சாள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிட்டு வேலைக்குப் போனார். அக்காவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, உரத்த குரல். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கண்ணாடிக்கு முன்னால் இடுப்பில் இருந்த குழந்தை இப்போது டிராம் ஓட்டுகிறாள், தாயோடுதான் இருக்கிறாள், அன்று காலை வேலைக்குப் போயிருந்தாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே அக்காவின் கணவரின் படம் மாலையோடு இருந்தது.

எனக்கு அந்த அதிகாரியைத் தெரியும், அவர் ஹனோவரில் இருக்கிறார் என்று சொன்னேன். அக்கா கையைத் தட்டிச் சிரித்தார்.

"அந்த ஆள் இன்னும் இருக்கிறாரோ? நல்ல வடிவான ஆள். மூக்குத்தான் சிவந்துபோய் இருந்தது, தடிமன் பிடிச்சவர் மாதிரி."

"அவர் உங்களைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார், அக்கா. நீங்கள் கடலில செத்துப்போனதா எழுதியிருக்கிறார்."

அதற்கும் சிரித்தார். "கடலிலயோ? நான் கடலில வரவேயில்லை. மொஸ்கோவுக்கு வந்து, அங்கயிருந்து லொறியில. அடுத்தது சொல்லுங்கோ தங்கச்சி. கதையில பிள்ளைக்கு என்ன நடந்தது?"

நான் சொன்னேன். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொரு இடத்திலும் "பிறகு?" என்று கேட்டார். இது யாரோ இன்னொருத்தியின் கதை என்பது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் நெருங்கியதும் நான் நிறுத்தினேன்.

"அவ்வளவுதான், அக்கா."

"என்ர மனிசன்? அவருக்கு ஒண்டும் நடக்கேல்லையோ கதையில?"

நான் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டேன். அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"சொல்லுங்கோ. மறைக்காதேங்கோ."

சொன்னேன். வேறு பெண், எடுக்காத தொலைபேசி, எல்லாவற்றையும். மறைத்திருக்கலாம் என்று அன்றிலிருந்து எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மறைத்திருந்தால் அதுவும் இன்னொரு விதத்தில் மனதை அரித்திருக்கும். அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். அதில் எதுவும் கொதித்துக்கொண்டிருக்கவில்லை, வெறும் அடுப்புத்தான் எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நீங்கள் வாசிக்கேக்க அதை நம்பினனீங்களோ?"

"ஓம், அக்கா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஆளிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

ஹனோவருக்குத் திரும்பியதும் முதியவரிடம் அக்கா உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அவர் வீட்டுக்கே போனேன். நகருக்குள்ளேயே இருக்கும் ஐலன்றீட காட்டைப் பார்த்தபடி மூன்றாம் மாடியில் அவர் வீடு. சந்தோஷப்படுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். 

"குழந்தை?"

"டிராம் ஓட்டுகிறாள்."

அவர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகை அடங்கிய பிறகு, "இத்தனை வருடம் ஒரு இறந்த பெண்ணிடம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது சுலபம். அவர் பதில் சொல்ல மாட்டார்" என்றார்.

அக்கா வரப்போகிறார் என்றதும் பயந்துவிட்டார். என்ன சொல்ல வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். எத்தனையோ நாட்டுத் தலைவர்களோடு பேசியவர். விசா கொடுக்காததற்கு மன்னிப்புக் கேட்பதென்று தீர்மானித்தார். கணவரைப் பற்றி எழுதியதற்காக அக்கா கோபமாக இருக்கிறார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அது அக்கா சொல்ல வேண்டியது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா ரயிலில் வந்தார். நான் நிலையத்தில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனேன். அக்கா குளிர்கோட்டுக்குள் நல்ல சேலை உடுத்திருந்தார். முதியவர் கழுத்துப் பட்டி கட்டி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மேசையில் கேக்கும் கோப்பியும் இருந்தன. அக்கா உட்கார்ந்ததும் அவர் நின்றபடியே தொடங்கினார். அவருடைய பிரெஞ்சு அன்றைக்கு ஏதோ கூட்டத்தில் பேசுவது போல இருந்தது. அதிகாரம் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை, ஒரு தாயையும் பிள்ளையையும் ஆபத்துக்குள் தள்ளினேன், மன்னிக்கும்படி கேட்க எனக்கு உரிமையில்லை. நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன்.

அக்கா கடைசிவரை கேட்டார்.

"விசாக் கதையை விடச் சொல்லுங்கோ. அந்த வரிசையில நிண்ட ஆருக்குத்தான் குடுத்தவையள்? அது நடந்தது, முடிஞ்சது. நான் வந்து சேர்ந்திட்டன்" என்றார். "இவர் ஏன் என்ர மனிசனைப் பற்றி அப்பிடி எழுதினவர்? அதைக் கேளுங்கோ."

நான் கேட்டேன். முதியவருக்கு முதலில் விளங்கவில்லை. காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்தார். நான் மறுபடி சொன்னேன்.

"அது நாவல். அந்தக் கணவன் உங்கள் கணவரில்லை, நானாக உருவாக்கிய பாத்திரம்" என்றார்.

"அப்ப கூறை? அதையும் இவரோ உருவாக்கினவர்?"

"இல்லை."

"பிள்ளை என்ர இடுப்பில இருந்து இருமினது? மன்னார்? எரிஞ்ச கோயில்? எல்லாம் என்ர. அவர் மட்டும் ஏன் வேற ஆள்?"

இதையும் மொழிபெயர்த்தேன். முதியவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். அக்கா அவசரப்படுத்தவில்லை.

"விண்ணப்பத்தில் நான் எழுதிய காரணம் ஒன்று இருந்தது" என்றார் கடைசியில். இப்போது கூட்டத்தில் பேசும் குரல் போய்விட்டது. "இது உண்மையான கல்யாணமில்லை என்று எழுதியிருந்தேன். நாவலில் கணவன் நல்லவனாக இருந்தால், அந்த அதிகாரி முழுக்கவே பிழை செய்தவன் ஆகிவிடுவான். கணவன் கெட்டவன் என்றால், அதிகாரி செய்தது கொடுமையாக இருந்தாலும், அவன் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஆகிவிடும். எழுதும்போது எனக்கு இது தெரியாது. கதைக்கு அதுதான் பொருத்தம் என்று நினைத்தேன். இல்லை, தெரியாது என்று சொல்வதும் பொய். கொஞ்சம் தெரியும்."

நான் அப்படியே சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்" என்றார் முதியவர் என்னிடம்.

"என்ர மனிசன் ஆரெண்டு சொல்லுறன், கேக்கட்டும்" என்றார் அக்கா. "எழுத வேண்டாம். இருந்து கேட்டாச் சரி."

அன்று பின்னேரம் முழுவதும் அக்கா சொன்னார், நான் பிரெஞ்சில் சொன்னேன். விசா இல்லை என்று தெரிந்ததும் அவர் கணவர் அனுப்பிய காசில்தான் மொஸ்கோ வழியாகப் புறப்பட்டார்கள். வழியில் பிடித்து ஜெர்மனியின் கிழக்கே ஓர் அகதி முகாமில் போட்டுவிட்டார்கள். பாரிஸில் கணவர் ஒரு சாப்பாட்டுக்கடையின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது, கிடைக்கும் போலவும் இருந்தது. அந்த வழக்கைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, எல்லையைக் களவாகக் கடந்து, முகாம் முகாமாகத் தேடி வந்தார். வந்து நின்ற அன்று பிள்ளைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அவர் கிட்ட வரேல்லை" என்றார் அக்கா. "வாசலில, அந்த ஈர நிலத்திலயே இருந்திட்டார். பிள்ளையின்ர உயரத்துக்கு. பையில இருந்து அப்பிள் ஒண்டை எடுத்துத் தானே கடிச்சுக் கடிச்சுச் சாப்பிட்டார். பாதி முடியேக்க பிள்ளை போய்க் கையை நீட்டினாள்."

அதன் பிறகு அவருக்கு பிரான்ஸும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. எத்தனையோ வருடம் இரண்டு பக்கமும் இழுபட்டுத்தான் இருக்க அனுமதி கிடைத்தது. உலோகத்துக்கு முலாம் பூசும் ஒரு பட்டறையில் வேலை செய்தார். சுவாசப்பை பழுதாகிப் போய்ச் சேர்ந்தார். பிரான்சிலேயே இருந்திருந்தால் நல்லாயிருந்திருப்பேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

முதியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தார். அவர் விரல்கள் மட்டும் மேசையில் அசைந்துகொண்டிருந்தன, பேனாவைத் தேடுவது போல. அக்கா புறப்படும்போது எழுந்து தலைகுனிந்து நின்றார். அக்கா கைகொடுக்கவில்லை. "கேக்கைச் சாப்பிடச் சொல்லுங்கோ, காஞ்சு போகும்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மறுநாள் முதியவர் தன் பதிப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த நாவலை இனி அச்சிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் பேசிய இளம்பெண் தேடிப் பார்த்துவிட்டு, அது விற்பனையில் இல்லாமல் போய் வெகுகாலமாகிறது, கவலைப்படத் தேவையில்லை என்று சொன்னாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் எப்படி விளக்குவது. தண்டனை கேட்டுப் போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது போல இருந்தது.

இலையுதிர் காலத்தில் அவர் அக்காவின் கணவரின் கல்லறைக்குப் போக விரும்பினார். அக்காவிடம் கேட்டேன். "வரட்டும்" என்றார். நான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா கல்லின் மேல் விழுந்திருந்த இலைகளைக் கையால் ஒதுக்கிவிட்டு விளக்கேற்றினார். முதியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு பிரெஞ்சில் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம் தங்கச்சி. அவர் என்னோடயில்லை கதைக்கிறார்" என்று அக்கா தடுத்தார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் மீன்குழம்பும் தந்தார். முதியவர் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார். அக்கா அவரோடு சிரித்துப் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

நத்தார், கிறிஸ்துமஸ் பண்டிகை முடிந்த பிறகு மச்சாள் வீட்டில் கூடியிருந்தபோது யாரோ அக்காவிடம் கூறைக் கதையைச் சொல்லும்படி கேட்டார்கள். "அதை விடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போய்விட்டார். அவர் இப்போது அந்தக் கதையைச் சொல்வதேயில்லை என்று மச்சாள் என்னிடம் தனியாகச் சொன்னார். குற்றம்சாட்டும் குரலில் சொல்லவில்லை.  எத்தனையோ வருடமாக ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சிரிப்பாக்கி வைத்திருந்தார். அவருடைய சமையலறைக்குப் போய் அதைக் கெடுத்தது நான்தான். நான் போகாமல் இருந்திருந்தால் முதியவர் தன் இறந்த பெண்ணோடும், அக்கா தன் பகிடியோடும் இருந்திருப்பார்கள்.

முதியவர் போன பனிக்காலத்தில் நித்திரையிலேயே இறந்துபோனார். பிரான்சிலிருந்து அவருடைய சகோதரியின் மகன் வந்து எல்லாவற்றையும் கவனித்தார். தேவாலயத்தில் ஒரு இருபது பேர் இருந்திருப்போம். கீழ்வீட்டுக்காரர்கள், மனைவியின் பழைய மாணவிகள், தூதரகத்திலிருந்து ஒருவர். நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன். மருமகன் முன்னால் போய், தன் மாமா எவ்வளவு பெரிய எழுத்தாளர் என்பதை இந்த நகரம் அறியாது என்று சொல்லிவிட்டு அந்த நாவலைத் திறந்தார். வாசித்தது கடைசி அத்தியாயத்திலிருந்து, படகு மூழ்கிய இரவை அதிகாரி கற்பனை செய்து பார்க்கும் இடம். படகில் அந்தப் பெண் பாரிஸிலுள்ள கணவனை நினைக்கிறாள், அவன் அந்த நேரம் இன்னொருத்தியின் கூந்தலைக் கோதிக்கொண்டிருக்கிறான், தொலைபேசி ஒலித்து ஓய்கிறது. நல்ல குரல் அவருக்கு. மாணவிகளில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்து தடுத்திருக்கலாம். அல்லது முடிந்த பிறகு அந்த மருமகனிடம் போய், இது இப்படி நடக்கவில்லை, உங்கள் மாமாவுக்கும் அது தெரியும் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு பிரெஞ்சு தெரியும். அங்கே இருந்தவர்களில் அந்த மனிதர் முகாம் வாசலில் அப்பிள் சாப்பிட்ட கதையை அறிந்தவள் நான் ஒருத்திதான். நான் மருமகனின் கையைப் பிடித்து, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார். ஆர் ஆர் வந்தவை, பூ வைச்சவையோ, எங்க அடக்கம் என்று எல்லாம் விசாரித்தார். நான் சொன்னேன். புத்தகத்தில் எந்த இடத்தை வாசித்தார்கள் என்பதையும் சொன்னேன்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை, அக்கா."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியை யாரோ குறைப்பது கேட்டது.

"சரி. செத்த வீட்டில என்னத்தைச் சொல்லுறது" என்றார். பிறகு மகளுக்கு அடுத்த மாதத்திலிருந்து விடியற்காலை வேலை என்றும், இனிப் புது வழியில் ஓட்ட வேண்டுமென்றும் சொல்லத் தொடங்கினார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.